பகிடியின் பக்கம் நான் போய் நின்றது ஏன்

மகனுக்கு,

உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டிய தேவையில்லை. எதிர்வீட்டு நிரோசன் தன் போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். கன்னத்தில் சதை வைத்திருக்கிறாய், தாடியும் விட்டிருக்கிறாய், நன்றாகத்தான் இருக்கிறாய். கொழும்பில் ஒரு மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வரப்போகிற ராப் போட்டிக்கு நீயும் ஒரு நடுவர் என்று சொல்கிறாய். பிறகு, "எனக்கு எதிராத் தீர்ப்புச் சொன்ன முதல் ஆள் என்ர சொந்த அப்பா. நான் பாட்டுப் பாடினன், மற்றவன் பகிடி விட்டவன். அப்பா பகிடியின்ர பக்கம் போய் நிண்டவர். அதால சொல்லுறன், என்ர தீர்ப்பில பகிடிக்கு ஒரு மார்க்கும் கிடையாது" என்கிறாய். சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. பகிடிக்கு மார்க் இல்லை என்பதையே நீ பகிடியாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது, பார்த்தாயா? எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நீ நாலு பேர் முன்னால் சொன்னபடியால் நானும் நாலு பேர் படிக்கிற மாதிரியே பதில் எழுதுகிறேன்.

நீ சொன்னது பொய் இல்லை. நான் அப்படித்தான் போய் நின்றேன். இன்றைக்கு அதே இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் அப்படித்தான் நிற்பேன். ஆனால் அன்றைக்குப் பிறகு நீ வீட்டுக்கு வருகிறாய், சாப்பிடுகிறாய், அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கித் தருகிறாய், எங்கள் முன்னால் ஒரு வரிகூடப் பாடியதில்லை. ஊர்ப் பிள்ளைகள் உன் பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறார்கள். பெற்ற எங்களுக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

முகாமிலிருந்து எங்களைப் பெரியமடுப் பக்கம் கொண்டுவந்து இறக்கிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நாலு பேராக வெளிக்கிட்ட குடும்பம் மூன்று பேராகத் திரும்பியது. உன் அக்கா வதனி, சண்டையின் கடைசி மாதங்களில், பங்கரிலிருந்து தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து போய்விட்டாள். அப்போது அவள் பெயரை நாங்கள் மூன்று பேரும் வாயில் எடுத்ததில்லை. ஊரிலும் அப்படித்தான். யார் வீட்டில் யார் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. காடு பற்றியிருந்த வளவைத் துப்பரவாக்கித் தறப்பாள் கூடாரம் கட்டினோம். உன் அம்மா காலையில் எழும்புவாள், வேலை செய்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். சிரிப்பு மட்டும் அவள் முகத்தை விட்டுப் போயிருந்தது. நானும் ஏதேதோ செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கைவிட்டுவிட்டேன்.

இவ்வளவு துக்கத்துக்குள்ளும் அந்த முதல் வருடங்களை நினைத்தால் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. மழை பெய்தால் தறப்பாளில் தேங்கும் தண்ணீரைத் தடியால் தள்ளிவிட நீ எழும்புவாய், நான் எழும்புவேன், இருட்டுக்குள் இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம். சங்கத்தில் வாடகைக்கு எடுத்த லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நீ பிடித்துக்கொண்டு வரம்போரம் போகும்போது, அதன் டக் டக் சத்தத்துக்கு ஏற்றபடி ஏதோ சொல்லிக்கொண்டே போவாய். முதலில் நீ இயந்திரத்தைத் திட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால், வாலில்லாத நாயிலிருந்து தண்ணீர்ப் பவுசர் வரைக்கும் எல்லாவற்றையும் எதுகை வைத்து அடுக்குகிறாய். மூச்சு விடாமல் நீ ஒரு சால் முழுக்கச் சொல்லி முடிக்கிறதை நான் வரம்பில் நின்று கேட்டிருக்கிறேன். உனக்குத் தெரியாது. உன் திறமை எனக்கு விளங்கவில்லை என்று மட்டும் எந்த மேடையிலும் சொல்லாதே.

அந்தக் காலத்தில்தான் கக்கூஸ் கதை நடந்தது. வீட்டுத்திட்டம் வர முதல் கக்கூஸ் திட்டம் வந்ததை இன்றைக்குச் சொன்னால் நம்புவார்களா? மனிதர் எல்லாம் தறப்பாளுக்குள் கிடக்க, ஒவ்வொரு வளவிலும் கல்லால் கட்டி, சீமெந்து பூசி, தகரக் கூரையும் பலகைக் கதவும் போட்ட ஒரு கக்கூஸ் தனியாக நிமிர்ந்து நின்றது. அந்த வருடம் எங்களிடம் இருந்த ஒரே செல்வம் விதைநெல். தறப்பாளுக்குள் வைத்தால் மழை, வெளியே வைத்தால் பன்றி. ஊரிலேயே ஒழுகாத இடம் அது ஒன்றுதான். மூட்டைகளை உள்ளே அடுக்கி, வெளியே ஆமைப்பூட்டும் போட்டுவிட்டு, நாங்கள் பழையபடி பற்றைக்குப் போனோம். கட்டித் தந்தவர்கள் அதைப் பாவிக்கிறோமா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தவர் கதவைத் தட்டி, "உள்ளுக்கு ஆர்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "என்ர மனுசி நிக்கிறா, சேர்" என்றேன். அவர் தொங்குகிற பூட்டைப் பார்த்தார். "அவ பயந்த ஆள், அதுதான் வெளியால பூட்டினனான்" என்றேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா மண்வெட்டியோடு வயலிலிருந்து வந்து, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டாள். அந்த மனிதர் கண்ணீர் வருமட்டும் சிரித்துவிட்டுப் போனார். எதிர் வளவில் நின்ற நிரோசன் முழுவதையும் பார்த்துவிட்டான். நிரோசனின் ஆட்கள் அவனுடைய தாத்தா காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறியவர்கள். தாய் தகப்பன் கூலி வேலை. வாய் மட்டும் அவனுக்குப் பெரிய சொத்து.

பிறகு, நெல் வெட்டு முடிந்த ஒரு பின்னேரம், விளையாட்டுக் கழகப் பெடியள் அந்தப் போட்டியை வைத்தார்கள். ஊர்ச் சனம் அதற்கு 'வாய்ச்சண்டை' என்று பெயர் வைத்தது. ஒருவனுக்கு ஒருவன் எதிரில் நின்று, பாட்டாலேயே மற்றவனை மட்டம் தட்ட வேண்டும். மார்க் போட்டால் பிறகு மார்க்கை வைத்துச் சண்டை வரும் என்று, கழகம் ஒரு முறை கண்டுபிடித்தது. நடுவர் மூன்று பேரும் எழும்பி நடந்துபோய், யார் வென்றதென்று நினைக்கிறார்களோ அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தமிழ் வாத்தியார் ஒருவர், சங்கக்கடை மனேச்சர் ஒருவர், கரப்பந்தாட்டத்துக்கு ஊதல் ஊதுகிறவன் என்று நான் ஒருவன். நீ கடைசிச் சுற்றுக்கு வந்ததும் நான் எழும்பி, "என்ர மகன் நிக்கிறான், என்னை விடுங்கோ" என்றேன். எதிரில் நின்ற நிரோசன்தான் மைக்கில், "மாமா இருக்கட்டும், எனக்குப் பயமில்லை" என்றான். சனம் கைதட்டியது. நானும் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டேன்.

முதல் சுற்றில் நீ அவனை அடித்த அடியை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். அவன் தடுமாறித்தான் போனான். இரண்டாவது சுற்றில் நீயே முதலில் பாடினாய். குரலைத் தாழ்த்தினாய்.

"அக்கா எடுத்தாள் குடத்தை, நான் பாத்தன் அவள் தடத்தை,
மண்ணு வந்து மூடிப் போட்டுது மகராசி போன இடத்தை..."

போட்டி நடந்த மண்டபத்துக்கு அப்போது கூரை இல்லை. வெளியில் வேம்பில் இருந்த காகம் சிறகடித்தது கேட்டது. அவ்வளவு அமைதி. நான் உன்னைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்கம் பார்த்தேன். உன் அம்மா பாயை விட்டு எழும்பினாள். ஆட்களைத் தாண்டித் தாண்டி, ஒருவரையும் பாராமல், வெளியே போனாள். நீ மைக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாய், அதைக் காணவில்லை. இன்னும் எத்தனையோ வரிகள் பாடினாய், ஒவ்வொன்றும் கல்லில் செதுக்கியது மாதிரி. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் நிரோசனைப் பார்த்து விரலை நீட்டினாய்.

"நீ பல்லைக் காட்டிப் பகிடி விடு, நான் பிள்ளை ஒண்டைக் குடுத்த வீடு,
பதில் இருந்தா எடு, இல்லையெண்டா மைக்கைக் கீழ போடு!"

ஒருவரும் கைதட்டவில்லை. நீ அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டாய். அங்கே இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் பிள்ளை ஒன்றையோ தகப்பன் ஒருவரையோ குடுத்த வீடுகள், மகனே. அவர்கள் உன் எதுகையை ரசித்துக்கொண்டு இருக்கவில்லை. அவரவர் தங்கள் ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். திரும்பி வர வழி தெரியாமல் இருந்தார்கள்.

நிரோசன் மைக்கைப் பிடித்தபடி பேசாமல் நின்றான். சனம் அவன் தோற்றுவிட்டான் என்றே நினைத்தது. அவன் வாசலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், "மாமா குறை நினைக்கக் கூடாது" என்று தொடங்கினான்.

"மனுசருக்குத் தறப்பாள் வீடு, நெல்லுக்கெண்டாக் கல்வீடு,
கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுக் காவல் காக்கிற மாமா வீடு!
கதவைத் தட்டிச் சேர் கேட்டார், உள்ளுக்கு இருக்கிறது ஆர்?
மாமா நெளிஞ்சு சொன்னார், என்ர மனுசிதான் சேர்!
மனுசி வந்தா வயலால, மண்வெட்டியோட பின்னால,
ஆர் வந்ததெண்டு அவ கேக்க, சேர் கண்ணைத் துடைச்சார் கையால!"

முதல் சிரித்தது யார் என்று நீ நினைக்கிறாய்? நான்தான். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு சங்கக்கடை மனேச்சர், பிறகு ஊர் முழுக்க. தங்கள் தங்கள் கக்கூசுக்குள் நெல்லும் வெங்காயமும் சைக்கிளும் வைத்திருந்த சனம்தானே எல்லோரும். நான் வாசலுக்கு வெளியே பார்த்தேன். உன் அம்மா வேம்போடு சாய்ந்து முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழும்பப் போனேன். தலைப்பை எடுத்தாள். அவள் சிரித்துக்கொண்டு இருந்தாள், மகனே. அழுதும் இருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டு இருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வந்து பாயில் இருந்தாள்.

வாத்தியார் எழும்பி உன் பக்கம் வந்து நின்றார். "இது கவிதை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மனேச்சர் நிரோசனின் பக்கம் போனார். நான் எழும்பினேன். நீ என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தாய், உனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அந்த முகத்தைத் தாண்டித்தான் நான் நடந்து போனேன். என் வாழ்க்கையில் நான் நடந்த தூரங்களிலேயே பெரிய தூரம் அது, இடம்பெயர்ந்து வட்டக்கச்சி வரைக்கும் மூட்டை தூக்கிக்கொண்டு நடந்ததைவிட.

உன் நியாயத்தையும் நான் சொல்லத்தான் வேண்டும். வென்றவனை மன்னார் டவுனில் நடந்த பெரிய போட்டிக்கு அனுப்பினார்கள். நீ வர மறுத்துவிட்டாய், நான் நிரோசனோடு பஸ்ஸில் போனேன். பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தெரிந்த கடலைப் பார்த்து அவன் வாயே திறக்கவில்லை, அவ்வளவு பயம். அங்கே அதே கக்கூஸ் பாட்டைத்தான் பாடினான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு என் மனுசியையும் தெரியாது, என் பூட்டையும் தெரியாது. எதிரில் தலைமன்னார்ப் பெடியன் ஒருவன், மீனவக் குடும்பத்துப் பிள்ளை, வள்ள என்ஜினைப் பற்றியும் வள்ள முதலாளிச் சம்மாட்டியாரைப் பற்றியும் ஏதோ எடுத்துவிட்டான். மண்டபம் அதிர்ந்தது. நிரோசனும் நானும் மட்டும் முழித்துக்கொண்டு இருந்தோம். திரும்பி வரப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, பக்கத்தில் ஒரு கழுதை அவனுடைய தோற்றுப்போன மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றது. "இதுக்கும் என்ர பகிடி விளங்கேல்ல, மாமா" என்றான். பிறகு, "உங்கட மகன் வந்திருந்தா வெண்டிருப்பான்" என்றான். உண்மை. பகிடி சொந்த ஊரை விட்டு அதிக தூரம் போகாது. நல்ல பாட்டு எங்கேயும் போகும். உன் பாட்டு கொழும்புக்குப் போய்விட்டது, அவனுடைய பகிடி இன்னும் எங்கள் ஒழுங்கைக்குள்தான் நிற்கிறது. கொழும்பு மேடையில் பாட்டுத் திறமைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன் என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அந்தப் பஸ்ஸில் அவன் இன்னொன்றும் சொன்னான். "அவனுக்கு அடிக்க என்னட்ட வேற ஒண்டு இருந்தது மாமா. ஊராக்கள் எங்களைத் தோட்டக்காட்டார் எண்டு இளக்காரமாச் சொல்லுறதுக்கு எழுதி வச்ச பதில். நல்லாக் குத்தும். மாமி எழும்பிப் போனதைக் கண்டனான். பிறகு அதை எடுக்க மனம் வரேல்ல." நான் அவன் பக்கம் போய் நின்றபோது எனக்கு இது தெரியாது. ஆனால் அவன் வாசலைப் பார்த்ததை நான் பார்த்தேன். பாடுகிறவர்கள் இரண்டு பேரில் ஒருவன் சபையைப் பார்த்தான், ஒருவன் பார்க்கவில்லை. நான் அதற்குத்தான் நடந்தேன்.

கரப்பந்தில் யாரும் எடுக்க முடியாத பந்தைச் சேர்வ் போட்டால் நீங்கள் புள்ளி கொடுக்கிறீர்கள்தானே என்று நீ கேட்பாய். உன் வாய் எனக்குத் தெரியும். கொடுப்பேன். பந்து கோட்டுக்குள் விழுந்தால் கொடுப்பேன். செத்துப்போன அக்காவைக் கொண்டுவந்து எதிராளியின் முன்னால் நிறுத்தி, பதில் சொல் என்றால், அவன் என்ன செய்வான்? பதில் சொன்னால் மிருகம், சொல்லாவிட்டால் தோல்வி. அது கோட்டுக்கு வெளியே. நீ நடுவராகக் கதிரையில் இருக்கும்போது சபை அமைதியானால் உடனே மயங்கிவிடாதே. எதற்காக வாய் மூடினார்கள் என்று பார். சிரித்தாலும் பார், யாருடைய கழுத்தில் காலை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று. மெலிந்தவனைக் காட்டிச் சிரிக்க வைக்கிறவனுக்கு ஒன்றும் கொடுக்காதே, அவனை நானே வந்து ஊதல் ஊதி வெளியேற்றுவேன். ஆனால் மூச்சு முட்டிப்போன சனத்துக்கு மூச்சு வர வைக்கிறவன் செய்வதும் பெரிய வேலைதான். அதற்கு மார்க் இல்லை என்று சட்டம் எழுதாதே. அந்தச் சட்டத்தை நீ போட்டிக்கு எழுதவில்லை, எனக்கு எழுதியிருக்கிறாய்.

இனி எழுதப்போவதை அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஏன் இவ்வளவு காலமும் உனக்கு விளக்கம் சொல்லவில்லை என்றால், சொல்ல வேண்டியது என்னுடையதாக இருக்கவில்லை. அன்றைக்குப் பங்கரில் உனக்குக் காய்ச்சல். தண்ணீர், தண்ணீர் என்று நீ அனத்திக்கொண்டு கிடந்தாய். உனக்கு அது ஞாபகம் இல்லை. நான் உன்னைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஷெல் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. "ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா, பிள்ளை" என்று குடத்தை வதனியின் கையில் கொடுத்தது உன் அம்மா. நீ மேடையில் பாடின குடம் அது. உனக்குத் தெரிந்திருந்தால் பாடியிருக்க மாட்டாய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உன்மேல் ஒரு துளி கோபமும் அவளுக்கு இல்லை. போட்டி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, நீ முன்னால் கோபத்தோடு போய்க்கொண்டு இருந்தாய். அவள் என் பக்கத்தில் வந்து, "வதனி இருந்திருந்தா இந்தக் கக்கூஸ் பாட்டுக்கு உருண்டு பிரண்டு சிரிச்சிருப்பாள், என்ன?" என்றாள். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவள் வதனியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். நீ இல்லாத நேரங்களில் நாங்கள் நிறையக் கதைக்கிறோம்.

இன்று பின்னேரம் இதை முழுக்க அவளுக்கு வாசித்துக் காட்டினேன். குடத்தின் இடம் வந்ததும் நிறுத்தினேன். "வாசியுங்கோ" என்றாள். முடித்த பிறகு, எதையாவது வெட்டவா என்று கேட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்டும் வெட்ட வேண்டாம். ஒண்டு சேருங்கோ. அண்டைக்கு நான் பாதியில எழும்பிப் போயிட்டன்தானே? மிச்சத்தில அவன் அக்காவைப் பற்றி என்ன பாடினவன் எண்டு எனக்குத் தெரியாது. உங்களிட்டக் கேக்கவும் பயமாக் கிடந்தது. பொங்கலுக்கு வரேக்க அந்தப் பாட்டை எனக்கு முழுக்கப் பாடிக் காட்டச் சொல்லுங்கோ. நான் எழும்பிப் போகமாட்டன்."